மல்லாரி ஆருக்கு?

எங்கட குழுவின் ஆண்டு நிகழ்வுக்கு ஒரு தொடக்க இசை வேணும் என்று கதை தொடங்கினது மாசி மாதத்தில். பெரிய விசயமில்லை. விளக்கேற்ற ஆட்கள் எழும்பி மேடைக்கு வருகிற அந்த அரை நிமிசத்தை நிரப்ப ஏதாவது ஒன்று. போன முறை மடிக்கணினியில் கிடந்த ட்ரம்பெட் முழக்கம் ஒன்றைப் போட்டுவிட்டோம். ஒலிபெருக்கி போட்ட அண்ணை சத்தத்தைக் கூட்டிவிட, முன்வரிசையில் இருந்த ஒரு அம்மம்மா காதைப் பொத்திக்கொண்டா. "மகாராணி இறங்கி வாறாவோ எண்டு பார்த்தன்" என்று பிறகு சொல்லிச் சிரிச்சா. நாங்களும் சிரிச்சோம். ஆனால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் இருக்கிறது இணுவில். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வரவேற்பு முழக்கத்துக்கு இணையத்தில் தேடினோம் என்றால் என்ன சொல்ல.

அப்ப, இந்த முறை நாங்களே ஒன்று ஆக்குவம் என்று முடிவெடுத்தோம். எங்களில் ஒருவன் பள்ளிக்கூட பாண்ட் குழுவில் ட்ரம்பெட் ஊதினவன். இன்னொருத்தி மிருதங்கம் படித்தவள். மிச்சப் பேர் கேட்கிற ஆட்கள். அந்த முழக்கத்தைத் தேடிப் போன இடத்தில் ஊரின் சரித்திரத்தில் ஒரு துண்டு அகப்பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் வெளிச்சம் வந்தது நினைக்காத இடத்திலிருந்து. எங்களோடு இருந்த ஒருத்தி இப்ப வேல்ஸில், கார்டிவ் நகரில் படிக்கிறாள். 2024 ஓகஸ்ட்டில் பொன்டிப்ரீத் என்ற ஊரில் நடந்த ஐஸ்டெத்வொட் விழாவுக்குப் போயிருந்தாள். வேல்ஸ் மொழிக்காரரின் தேசிய கலை விழா அது. ஒரு வருசம் வடக்கில், அடுத்த வருசம் தெற்கில் என்று ஊர் மாறி மாறி நடக்கும். மேடையில் வேல்ஸ் மொழி மட்டும்தான். பக்கத்தில் ஆங்கிலம் மலை மாதிரி நிற்க, ஒரு சின்ன மொழி இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு வருசாவருசம் விழா எடுக்கிறது என்பதே எங்களுக்குப் பெரிய விசயம். தொடக்க இசை பற்றி நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுவிட்டு அவள் அனுப்பின குரல்பதிவு பதினொரு நிமிசம். அதில் பாதிக்கு மேல் ஒரேயொரு சடங்கைப் பற்றித்தான்.

மரபுக் கவிதைப் போட்டியில் வென்றவருக்கு ஒரு கதிரை பரிசு. உண்மையான கதிரை, அந்த வருசத்துக்கென்றே செய்யிறது. வென்றது ஆர் என்று சபைக்கு அந்த நேரம் வரை தெரியாது. கவிஞர்கள் புனைபெயரில்தான் கவிதை அனுப்புவார்கள். நடுவர் தீர்ப்பை வாசித்து முடிந்ததும், இந்தப் புனைபெயருக்கு உரியவர் ட்ரம்பெட் சத்தம் கேட்டு எழும்பி நிற்கட்டும் என்று அறிவிப்பார்கள். ட்ரம்பெட் முழங்கும். அந்த முழக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் 'நாட்டின் கொம்பு'. அவ்வளவு சனத்துக்குள்ள எங்கேயோ ஒரு ஆள் எழும்புவார். வெளிச்சம் அவர் மேல் விழும். மேடைக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு பெரிய வாளை உறையிலிருந்து பாதி உருவிக்கொண்டு "சமாதானமா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். சனம் மூன்று தரமும் "சமாதானம்" என்று கத்தும். அதுக்குப் பிறகுதான் கவிஞர் கதிரையில் இருக்கலாம்.

ஆயிரம் வருசச் சடங்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். தேடிப் பார்த்தால், கவிதைப் போட்டி பழசுதான். 1176இல் கார்டிகன் கோட்டையில் ரீஸ் என்ற சிற்றரசர் நடத்தினதாகப் பதிவு இருக்கிறது. ஆனால் இந்தச் சபைச் சடங்குக்கு அத்திவாரம் போட்டவர் இயோலோ மொர்கானுக் என்ற புனைபெயர் கொண்ட எட்வர்ட் வில்லியம்ஸ். தொழில் கல்தச்சு. கவிஞர். பழைய ஏடு என்று சொல்லித் தான் எழுதினதையே கொடுத்துவிடுகிற கெட்டிக்காரர். 1792இல் லண்டனில் பிரிம்ரோஸ் குன்றில் முதல் சபையைக் கூட்டினார். 1819இல் கர்மார்தன் ஊர் விழாவோடு அதை ஒட்டிவிட்டார். ஆக, இருநூறு வருசத்துச் சொச்சப் பழமைதான். ஒருவர் இருந்து யோசித்துக் கட்டின பழமை. எங்களுக்கு இது துணிவு தந்தது. மரபு என்று நாங்கள் கும்பிடுகிறதையும் ஒருநாள் ஒரு ஆள் இருந்து கட்டியிருக்கிறார்தானே.

அவள் கடைசியாகச் சொன்ன கதைதான் எங்களைப் பிடித்து வைத்தது. 1917 செப்டெம்பர் 6, விழா லிவர்பூலுக்குப் பக்கத்தில் பேர்க்கன்ஹெட்டில் நடக்கிறது. முதலாம் உலக யுத்த காலம். பிரதமர் லொயிட் ஜோர்ஜ் சபையில் இருக்கிறார். ட்ரம்பெட் முழங்குகிறது, வென்றவரின் புனைபெயரைக் கூப்பிடுகிறார்கள். ஒருவரும் எழும்பவில்லை. வென்றவர் ஹெத் வின் என்று அறியப்பட்ட எலிஸ் எவன்ஸ், ஆட்டுப் பண்ணைக்காரரின் மகன். கவிதையை அனுப்பிவிட்டு, ஜூலை 31இல் பெல்ஜியத்தில் பாஷெண்டேல் சண்டையில் செத்துப்போனார். கதிரையைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். 'கறுப்புக் கதிரை' என்று இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

கூப்பிட்டு ஒருவரும் எழும்பாத முழக்கம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, எங்கட கொம்பு எது? கேள்வியைக் குழுவில் போட்ட உடனே மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னார்கள். மல்லாரி.

கோயிலோடு புழங்காதவர்களுக்காகக் கொஞ்சம். திருவிழாவில் சுவாமி வசந்த மண்டபத்தில் அலங்காரம் முடிந்து இருப்பார். உள்ளே தீபாராதனை நடக்கும். வெளியில் மேளக்காரர் தயாராக நிற்பார்கள். முதலில் தவில் மட்டும் பேசும். பிறகு நாதஸ்வரம் கம்பீரநாட்டையைக் கொஞ்சம் விரித்துக் காட்டும். சுவாமி எழும்பித் தோளில் ஏறி வெளியே வரத் தொடங்குகிற நேரம் மல்லாரி பிறக்கும். சொல் இல்லை, சாகித்தியம் இல்லை, வெறும் சுரமும் தாளமும்தான். அதே உருப்படியை மெதுவாகத் தொடங்கி, இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டித்து, திஸ்ரத்தில் மடக்கி வாசிப்பார்கள். சனம் தன்னையறியாமல் கையெடுக்கும். பின்னால் நிற்கிற சின்னப் பிள்ளைக்குச் சுவாமி தெரியாது. ஆனால் சுவாமி வெளிக்கிட்டுவிட்டார் என்று தெரியும். முழக்கம் என்றால் அதுக்குத்தானே.

மல்லாரி ஒன்றல்ல. நைவேத்தியம் மடைப்பள்ளியிலிருந்து வரும்போது வாசிப்பது தளிகை மல்லாரி. தேருக்குத் தேர் மல்லாரி. தீர்த்தத்துக்குத் தீர்த்த மல்லாரி. சின்ன மல்லாரி, பெரிய மல்லாரி என்று வேறு. திருவாரூரில் முத்துசுவாமி தீட்சிதரின் தகப்பன் இராமசுவாமி தீட்சிதர் மல்லாரிகள் ஆக்கினார் என்று வழிவழியாகச் சொல்லுவார்கள். அந்த ஒரு பெயரைத் தவிர, ஆக்கினவர் பெயரோடு மல்லாரி எங்கட காதுக்கு வந்ததே இல்லை. இந்த விசயத்தை மனதில் வையுங்கோ, திரும்ப வருவோம்.

பித்தளைக் குழலும் தமிழருக்குப் புதிசில்லை. எக்காளம், கொம்பு, தாரை, திருச்சின்னம் எல்லாம் வாயால் ஊதுகிற உலோகக் குழல்கள்தான். திருஞானசம்பந்தருக்குத் திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச் சிவிகையோடும் குடையோடும் சின்னமும் கிடைத்தது என்று பெரியபுராணம் சொல்லும். அவர் ஊருக்குள் வருகிறபோது சின்னம் ஊதி அவருடைய பெயர்களைக் கூறுவார்கள். பாட்டுக்காரப் பிள்ளை ஒருவருக்கு முழக்கம். வேல்ஸ்காரரின் கதிரைச் சடங்கு இதிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

எங்கட ட்ரம்பெட்காரனுக்கு ஒரு ஐமிச்சம். உலகத்தில் உள்ள முழக்கம் எல்லாம் ஏன் ஒரே மாதிரிக் கேட்கிறது? பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பழைய பியூகிளை இரவல் வாங்கி வந்து எங்களுக்குக் காட்டினான். ஓட்டையோ விசையோ இல்லாத வெறும் குழல். உதட்டை இறுக்கி இறுக்கி ஊதினால் சில சுரம்தான் வரும்: ப, ச, க, ப. திரும்பத் திரும்ப அதேதான். குழாயின் இயல்பு அது. ஊதுகிறவன் ஆசைப்பட்டு மாற்ற ஏலாது. அதனால்தான் மன்னர் வந்தாலும் படை எழும்பினாலும் ஐரோப்பாவில் இந்தச் சுரங்களுக்குள்ளேயே எல்லாம் நடந்திருக்கிறது. அந்த க எங்கட அந்தர காந்தாரத்துக்கு மிகக் கிட்ட.

இப்ப கம்பீரநாட்டையைப் பாருங்கோ. ச, க, ம, ப, நி. ஐந்தே சுரம். அதே அந்தர காந்தாரம், அதே பஞ்சமம். கூட வருகிற இரண்டும் சுத்த மத்திமமும் காகலி நிசாதமும். மத்திமம் காந்தாரத்தில் சாய்ந்துகொண்டு நிற்கும். நிசாதம் மேல் சட்சத்தில் சாய்ந்துகொண்டு நிற்கும். பியூகிளின் எலும்புக்கூட்டுக்கு இரண்டு மூட்டு வைத்த மாதிரி. இதை அவன் கண்டுபிடித்த அன்றைக்கு இரவு பத்து மணி மட்டும் எங்களை வீட்டுக்கு விடவில்லை. பக்கத்து வீட்டு நாயும் தூங்கவில்லை.

விசை உள்ள ட்ரம்பெட்டில் மல்லாரியின் ஒரு துண்டை மெதுவாக வாசித்துப் பதிந்துகொண்டு, எங்கட ஊரில் வயசான தவில்கார ஐயா ஒருவரிடம் போனோம். பெயர் போட வேண்டாம் என்றார். போடவில்லை. முழுக்கக் கேட்டார். கதிரைச் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார். "ஓம், சுரம் சரி. ஆனா அசையேல்லை. நிமிர்ந்து நிண்டு சல்யூட் அடிக்குது" என்றார். நாதஸ்வரத்தில் சீவாளியை உதட்டால் நெரித்தும் விட்டும், விரலால் துளையை அரைவாசி மூடியும் ஒரு சுரத்தை இழைக்கலாம். ட்ரம்பெட்டின் விசை அழுத்தினால் அழுத்தினது, விட்டால் விட்டது. அவனுக்கு முகம் சுருங்கிப்போச்சு.

பிறகு கேட்டோம். "ஐயா, புதுசா ஒரு மல்லாரி கட்டலாமோ?"

"கட்டலாம். ஆரும் கட்டலாம். முதல் ஆருக்கு வாசிக்கப் போறியள் எண்டு சொல்லுங்கோ. மல்லாரி வாற ஆளைப் பொறுத்தது."

விளக்கேற்ற வருகிற பிரமுகருக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. யோசித்துவிட்டு வாறம் என்று எழும்பினோம். அடுத்த மூன்று கிழமை நாங்கள் ஊர்ச் சரித்திரம் படித்தது இந்தக் கேள்வியால்தான்.

இணுவிலுக்குப் பெயர் சொல்லப் புலவர்கள் இருக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சின்னத்தம்பிப் புலவர், பஞ்சவன்னத் தூது பாடினவர். எங்கட அப்பா அம்மா காலத்தில் வீரமணி ஐயர். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகத்திலும் உருப்படி செய்தவர். மயிலைக் கற்பகாம்பாள் மேல் அவர் எழுதி ரி.எம்.சௌந்தரராஜன் பாடின பாட்டைத் தமிழ் தெரிந்த எந்த நாட்டிலும் கேட்கலாம். எழுதினவர் இணுவில்காரர் என்று சொன்னால் சென்னைக்காரர் நம்புகிறேல்லை என்பது வேறு கதை. சொல் எழுதினவருக்குப் பெயர் நிற்கிறது. புத்தகத்தில், இசைத்தட்டில், கோயில் மலரில். சொல்லில்லாத மல்லாரியை இரவிரவாக வாசித்தவர்களுக்கு?

அவர்களும் இந்த ஊரைக் கட்டினவர்கள்தான். இணுவில், அளவெட்டி, கோண்டாவில் பக்கம் இருந்த மேளக்காரக் குடும்பங்களில் பல, தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து கோயில் வேலைக்கென்று வந்து இங்கே வேர்விட்டவை. யாழ்ப்பாணத்தில் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயகாரர். ஒருவர் இரண்டு கூட்டு மேளம் பிடித்தால் அடுத்தவர் நாலு கூட்டு பிடிப்பார், இன்னொருவர் இந்தியாவிலிருந்து இறக்குவார். ரி.என்.ராஜரத்தினம்பிள்ளையே இங்கத்தைய திருவிழாக்களுக்கு வந்து வாசித்திருக்கிறார். இந்தப் போட்டியின் புண்ணியத்தில் வளர்ந்ததுதான் மேளச்சமா. சுவாமி வீதி வந்து முடிந்த பிறகும் நாதஸ்வரமும் தவிலும் முகத்துக்கு முகம் இருந்து விடியும் வரை வாசிக்கும். சனம் மணலில் பாயைப் போட்டு இருந்து கேட்கும். இந்திய வித்துவான்களோடு சரிசமமாக இருந்து வாசித்து வாசித்துத்தான் எங்கட தவில்காரர் அந்த அளவுக்கு வந்தார்கள். உபயகாரரின் வீம்பு கலையை வளர்த்தது என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

அப்படி வந்தவர்களில் உச்சம் தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்தவர், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகன். தமிழ்நாட்டில் நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடமும் கற்றவர். 'லய ஞான குபேர பூபதி' என்று பட்டம். 1975இல், நாற்பத்தியிரண்டு வயசு முடிய முதலே போய்விட்டார். அவரை நேரில் கேட்டவர்கள் கதைக்கிறபோது கை தன்பாட்டில் தாளம் போடும், கவனித்துப் பாருங்கோ. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 2015ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் அவர் 'யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி'. இங்கே கேட்டால் இணுவில்காரர் எங்கட ஆள் என்போம், அளவெட்டிக்காரர் தங்கட ஆள் என்பார்கள். செத்த பிறகு இப்படி இரண்டு ஊர் அடிபடுகிறது. உயிரோடு இருந்த காலத்தில் அவருடைய ஆட்களை இந்த ஊர்கள் எந்த இடத்தில் வைத்திருந்தன?

இதைக் கேட்காமல் மேளச் சரித்திரம் எழுதுகிறவர்கள்தான் கூட. 'எங்கள் ஊரின் பெருமை' என்று தொடங்கி, வித்துவான்களின் பட்டியலோடு முடித்துவிடுவார்கள். மேளக்காரர் கோயிலுக்குள் நின்றார்கள், சுவாமிக்குக் கிட்ட நின்றார்கள். ஆனால் திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்தால் சாதி அப்படியே இருந்தது. சம்பந்தம் கலக்கிறேல்லை. வயசில் எவ்வளவு மூத்தவரையும் ஒருமையில் கூப்பிடுவது சில வீடுகளில் வழக்கம். எங்கட சொந்த வீடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். தமிழ்நாட்டில் இன்னும் வெளிப்படையாக நடந்தது. நாதஸ்வரக்காரர் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில்தான் கட்ட வேணும். கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து வேர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டிருந்ததுக்குப் பெரிய மனிதர்கள் சத்தம் போட, பட்டுக்கோட்டை அழகிரி இடையில் புகுந்து "துண்டை எடுக்காதே" என்று சொன்ன கதை பேர்போனது. ராஜரத்தினம்பிள்ளை தலைமயிரைக் கிறாப்பு வெட்டி, சட்டை போட்டு, மேடையில் இருந்து வாசிக்கத் தொடங்கினதும் இந்தச் சண்டையின் ஒரு பகுதிதான்.

பறை மேளம் அடித்தவர்களின் கதை இதைவிடக் கீழே கிடக்கிறது. வீதிக்கு வெளியில் நின்று அடித்தவர்கள் அவர்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் கதவைத் திறக்கச் சொல்லிச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்த சமூகங்களின் கதையோடு சேர்த்து எழுத வேணும். ஒரு பந்தியில் முடிக்கிற விசயமில்லை. தனியாக எழுதுவோம்.

இரண்டாம் முறை ஐயாவிடம் போனபோது இதையெல்லாம் கேட்க வெளிக்கிட்டோம். அவர் அதுக்குள் இறங்க விரும்பவில்லை. "அதெல்லாம் தெரிஞ்ச கதை தானே" என்று கையை விசிறிவிட்டார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பிறகு அவராகவே வேறொன்று சொன்னார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த நாள். எங்களில் பலர் பிறக்கவில்லை. வீட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடம். ஐயா தவிலைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டிருக்கிறார். பலாமரக் கட்டை, பாரம். ஒரு கையில் தாயைப் பிடித்திருக்கிறார். மழை வேறு. வலந்தலைத் தோல் நனைந்தால் முடிந்தது. கொஞ்சத் தூரம் போய், தெரியாத ஒரு வீட்டுத் திண்ணையில் தவிலை வைத்து, ஓலைப்பாயால் மூடிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருசம் திரும்பி வந்தபோது திண்ணையே இல்லை.

"கூடு மட்டும் பொக்கற்றுக்குள்ள கிடந்தது" என்றார். விரலுக்குப் போடுகிற கூடு. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், அதைப் போட்டுக்கொண்டு மேசையில் வாசித்துக் காட்டினாராம் பிள்ளைகளுக்கு. அந்த வருசம் எத்தனையோ கோயிலில் சுவாமி வெளிக்கிடவில்லை. "சாமி வெளிக்கிடேல்லை எண்டா மல்லாரி இல்லை. மேசையில மல்லாரி வாசிக்கேல்லை, வேற என்னவோ வாசிச்சன்."

அவரோடு கூட நின்று வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். ஐந்து பேரைச் சொன்னார். இரண்டு பேர் யுத்தத்தில் போனார்கள், ஒருவர் வருத்தத்தில். மற்ற இரண்டு பேரும் கடல் கடந்து போய், ஒருவர் அங்கே கோயில்களில் வாசிக்கிறார், மற்றவர் தவிலைத் தொட்டே கன காலமாம். ஐந்து பேரின் பெயரையும் எழுதி எடுத்தோம். வீட்டுக்காரரைக் கேட்காமல் போடுகிறது சரியில்லை, அதனால் இங்கே போடவில்லை.

அப்பதான் எங்களுக்கு அவருடைய முதல் கேள்விக்குப் பதில் வந்தது. எங்களில் ஒருத்தி கேட்டே விட்டாள். "ஐயா, இந்த அஞ்சு பேருக்கும் வாசிச்சா என்ன? பேரைச் சொல்லிக் கூப்பிட்டு?"

அவர் உடனே ஓம் என்று சொல்லவில்லை. "சாமிக்கு வாசிக்கிறதை மனுசருக்கு வாசிக்கிறதோ" என்றார். அந்தத் தயக்கம் எங்களுக்கும் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. மல்லாரியைக் கோயிலை விட்டு வெளியில் எடுக்கக்கூடாது என்று சிலர். பரதநாட்டிய மேடையில் எப்பவோ எடுத்தாயிற்று, கலியாண மண்டபத்தில் பொம்பிளை மாப்பிள்ளை வரவும் வாசிக்கிறார்கள், அப்ப வாசித்தவருக்கு வாசிக்க மட்டும் ஏன் யோசனை என்று மற்றவர்கள். இதை எழுதுகிற கை இரண்டாவது கட்சி. காலம் முழுக்க மற்றவருடைய வரவைச் சொன்னவர்கள் இவர்கள். இவர்களுடைய வரவை ஆர் எப்ப சொன்னது? வேல்ஸ்காரர் ஆட்டுக்காரனின் பெயரைக் கூப்பிட்டு, ஆள் இல்லை என்று கண்டு, அந்தக் கதிரையை வைத்திருக்கிறார்கள். எங்களிடம் கதிரையும் இல்லை, கூப்பிட்ட சத்தமும் இல்லை.

கடைசியில் ஐயா ஒரு வழி சொன்னார். பழைய மல்லாரி எதையும் எடுக்க வேண்டாம். அது அங்கே இருக்கட்டும். கம்பீரநாட்டையில் புதிதாக ஒன்று கட்டுங்கோ, மல்லாரியின் நடையில். மல்லாரி என்ற பெயரை வைக்க வேண்டாம்.

ஐந்து பேர் என்றபடியால் கண்டம் என்று மிருதங்கக்காரி சொன்னாள். தகதகிட, ஐந்து எண்ணிக்கை. ஊர்ப் பெயரில் தொடங்குவம் என்று இன்னொருவன். 'இணுவில்' என்று தட்டிப் பார்த்தால் நாலுதான் வருகிறது: இ ஒன்று, ணு ஒன்று, வில் இரண்டு. நாங்கள் ஊர்ப் பெயரை விட்டுவிடப் பார்த்தோம். ஐயா சிரிச்சார். "ஒரு ஏகாரத்தைப் போடுங்கோவன். இணுவிலே. இ, ணு, வி, லே. மூண்டும் ரெண்டும் அஞ்சு." இவ்வளவுதான் விசயம். மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்திருந்தோம்.

அதுக்குச் சுரம் வைத்தோம். க, ம, ப, நீ. ட்ரம்பெட்டில் பளிச்சென்று நின்றது, எங்களுக்குச் சரியான சந்தோசம். பதிந்துகொண்டு போய்ப் போட்டுக் காட்ட, ஐயா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "நிசாதம் வாசல்படி, தம்பி. வாசல்படியில நிக்கிறேல்லை. தாண்டி உள்ள போங்கோ." மாற்றினோம். ம, ப, நி, சா. நாலு தரம் அது, ஐந்தாம் தரம் கீழே இறங்கி வருகிறது. முதலில் ட்ரம்பெட் தனிய, அசையாமல், சல்யூட் அடித்தபடி. அதைக் கேட்டுத் தவில் எழும்பும். பிறகு நாதஸ்வரம் அதே வரியை இழைத்து வாசிக்கும். ட்ரம்பெட்டைக் கழித்துவிடலாமோ என்று கேட்டோம். "நிக்கட்டும், அதுவும் குழல் தானே" என்றார்.

மூன்று காலம் வாசித்தால் ஒரு நிமிசமும் பத்து செக்கனும் வருகிறது. இரண்டாம் காலத்தில் ட்ரம்பெட்காரனுக்கு மூச்சு முட்டுகிறது, அதைச் சரிக்கட்ட வேணும். நாதஸ்வரத்துக்கு ஒரு தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார், திருவிழாச் சீசன் முடியத்தான் வருவாராம். ஐந்து வீட்டிலும் மூன்று வீட்டில் கதைத்துவிட்டோம். ஒரு வீட்டில் மகள் ஒரேயொரு விசயம்தான் கேட்டா: பெயரைக் கூப்பிடேக்க தான் எழும்பி நிக்கலாமோ என்று. மற்ற இரண்டு வீட்டுக்கும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுக்க வேணும். அங்கத்தைய நேரத்துக்கு எங்களுக்கு இரவு பத்து மணியாகும்.